மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே

"கடவுளே..." என்று லிஃப்ட்காரர் கண்ணை மூடியதுதான் தாமதம், சட்டைப்பையில் போன் அலறியது.

"அண்ணா, அஞ்சாவது மாடியிலேர்ந்து பேசறேன். லிஃப்ட் கதவு கிரீச்சுங்குது."

"வந்து பாக்கறேம்மா."

போனை வைத்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடினார். "கடவுளே..."

மறுபடியும் போன்.

"அண்ணா, அதே அஞ்சாவது மாடிதான். இப்ப சத்தம் நின்னுடுச்சு. வர வேண்டாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

லிஃப்ட்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் சின்ன அறையில், காலி பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து இது எத்தனையாவது 'கடவுளே' என்று அவருக்கே தெரியாது. எந்தக் 'கடவுளே'யும் அடுத்த வார்த்தைக்குப் போய்ச் சேரவில்லை.

அவர் ஆசைப்பட்டது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. ஒரு நாளில் கொஞ்ச நேரம், யாரும் கூப்பிடாமல், மேலே இருப்பவரோடு மனசு விட்டுப் பேச வேண்டும். ஆனால் இந்தக் கட்டடத்தில் மேலே இருப்பவர்களுக்குக் குறைச்சலா? எட்டு மாடி முழுக்க மேலே இருப்பவர்கள்தான். எல்லோரிடமும் அவருடைய போன் நம்பர் இருந்தது.

முதலில் வீட்டில்தான் முயற்சி செய்தார். அங்கே என்ன ஆயிற்று என்றால், கண்ணை மூடி, "கடவுளே, என் குடும்பத்தை நல்லபடியா... கதவை விட்டுத் தள்ளி நில்லுங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை.

"உடம்பு இங்க இருக்கு. மனசு எந்த மாடியில இருக்குங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வி அவரைத் தைத்துவிட்டது. உண்மைதானே! சாப்பிடும்போது கதவு ஞாபகம். தூங்கும்போது மோட்டார் ஞாபகம். சாமி கும்பிடும்போது அஞ்சாம் மாடி ஞாபகம். இப்படியே போனால் ஒரு நாள் அவர் மேலே போய்ச் சேரும்போது கடவுளையே பார்த்து, "எந்த மாடிங்க?" என்று கேட்டாலும் கேட்டுவிடுவார்.

சரி, போனை அணைத்து வைப்போம் என்று ஒரு நாள் அணைத்தார். மூக்கில் வேர்த்தாற்போல் வந்து நின்றார், குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். ஏதோ பெரிய ஆபீசில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலி போய்விட்டது, அதட்டல் மட்டும் அப்படியே இருந்தது.

"ஏம்பா, உன் போன் என்ன ஆச்சு? லிஃப்ட்காரன் போன் ஆஃப்ல இருந்தா ஜனங்க என்ன நினைப்பாங்க? உனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னு நினைக்க மாட்டாங்க, லிஃப்டுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னு நினைப்பாங்க!"

அதோடு அந்த வழியும் அடைபட்டது.

புதையல் தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒரு நாள் காலை, லிஃப்டுக்குள் இருந்தபடி பெல்ட்டைச் சோதிக்கச் சாவியைத் திருகி, மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே நிறுத்தினார். விளக்கு எரிந்தது. விசிறி நின்றது. போனைப் பார்த்தார். சிக்னல் இல்லை! சுற்றிலும் கான்கிரீட் சுவர். ஒரு மனிதக் குரல் இல்லை. தன் மூச்சு தனக்கே கேட்டது.

அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

பேச வேண்டும் பேச வேண்டும் என்று தவித்தவருக்குப் பேச ஒன்றுமே தோன்றவில்லை. சும்மா இருந்தார். யாரோ தெரிந்தவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவரும் ஒன்றும் பேசாமல் இருப்பதுபோல இருந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எவ்வளவு நாளாயிற்று இப்படி இருந்து!

"உள்ள யாரு? பயப்படாதீங்க! மூச்சை நல்லா இழுத்து விடுங்க!"

லிஃப்ட்காரர் துள்ளிக் குதித்தார். பட்டன்களுக்குப் பக்கத்தில் இருந்த அவசரப் பெட்டியிலிருந்து வந்தது குரல். கீழே வரவேற்பு மேசையில் இன்னொரு பெட்டி உண்டு. லிஃப்ட் வழியில் நின்றால் அது தானாக உயிர் பெறும். அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கட்டடம் வைத்த பெயர் ரேடியோ அக்கா.

"நான்தான்கா. பெல்ட் பாக்கறேன்."

"நீங்களாண்ணே? நான் பயந்தே போயிட்டேன். சரி, நின்னதுதான் நின்னீங்க, ஒரு விஷயம் கேளுங்க. எட்டாம் மாடியில நேத்து ஒரு சோபா வந்துச்சு பாருங்க..."

அவர் இவரை அண்ணே என்பார், இவர் அவரை அக்கா என்பார். இருவரில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீர்ந்தபாடில்லை. ஆனால் பேச்சில் யார் பெரியவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சோபா கதை முடிந்து, அந்த சோபா ஏறாத படிக்கட்டின் கதை தொடங்கியபோது லிஃப்ட்காரர் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். பெட்டியைத் திறந்தார். அந்தப் பக்கமிருந்து குரல் வருகிற ஒயரைப் பிடுங்கி, நுனியில் டேப்பைச் சுற்றிவிட்டு மூடினார்.

அமைதி! ஆனந்தமான அமைதி! இனி அந்தப் பெட்டியிலிருந்து ஒரு முணுமுணுப்புகூட வராது.

மறுநாளிலிருந்து காலை அலுவலக நெரிசல் அடங்கியதும் லிஃப்ட்காரர் லிஃப்டுக்குள் போவார். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே சாவியைத் திருகுவார். ஒரு துண்டை விரித்து உட்காருவார்.

மனசுக்குள் வேண்டினால் பாதி வழியில் மோட்டார் ஞாபகம் வந்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது என்பதால், அவர் வாய்விட்டே வேண்டினார். அதுவும் கொஞ்சம் உரக்க. உதவிக்கு வந்த ஆள் மேலே நிற்க, கீழே நின்று கத்திக் கத்தியே வேலை பார்த்த தொண்டை அது.

"கடவுளே! பெரிசா ஒண்ணும் கேக்கலை. இந்த ரேடியோ அக்கா நல்லவங்கதான், இல்லைங்கலை. ஆனா கீழ போனா பிடிச்சு நிறுத்திடறாங்க. ஒரே ஒரு நாள் அவங்க என்னைப் பேசாம போக விடணும். உன்னால முடியாததா?"

எழுந்தார், சாவியைத் திருகினார், கீழே இறங்கினார். வரவேற்பு மேசையைக் கடக்கும்போது வழக்கம்போல் தோளைக் குறுக்கிக்கொண்டு நடையை எட்டிப் போட்டார்.

ரேடியோ அக்கா நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். உதட்டின் மேல் விரலை வைத்து, போங்க போங்க என்று கையால் வழிகாட்டினார்.

லிஃப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரேடியோ அக்கா மௌனம்! இதைவிட ஒரு அதிசயம் உண்டா? கடலைப் பிளப்பதுகூடக் கடவுளுக்குச் சுலபம். இது?

வேண்டிக்கொண்டது காதில் விழுகிறது! யாரோ கேட்கிறார்கள்!

அன்று முழுக்க அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் தைரியம் வந்தது.

"கடவுளே, நேத்து நீ செஞ்சது சாதாரண காரியம் இல்லை. இன்னொண்ணு மட்டும். செயலாளர் என்னை வாப்பா போப்பான்னு விரட்டறாரு. எனக்கும் கல்யாண வயசுல பொண்ணு இருக்கா. ஒரு தரம், ஒரே ஒரு தரம் 'நீங்க'ன்னு சொன்னா என்ன குறைஞ்சுடும்?"

சாயங்காலம் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். லிஃப்ட்காரர் போய் நின்றார்.

"வா... வாங்க," என்றார் செயலாளர், கசப்பு மாத்திரையை முழுங்குகிறவர்போல. "நீ... நீங்க... நிக்க வேண்டாம். உட்காருங்க."

லிஃப்ட்காரருக்குப் புல்லரித்தது. நாற்காலியில் உட்கார மறந்து, நாற்காலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்கு அடுத்து ஷூ. வேலைக்குப் போடும் ஷூ வாயைப் பிளந்து விரலைக் காட்டுகிறது என்று மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே முறையிட்டார். மறுநாள் அவருடைய கருவிப் பையின் மேல் ஒரு ஜோடி ஷூ உட்கார்ந்திருந்தது! போட்டுப் பார்த்தார். கொஞ்சம் பெரிசு.

"கடவுளே, ஷூவுக்கு ரொம்ப நன்றி. குறை சொல்றேன்னு நினைக்காதே. ஒரு சைஸ் பெரிசா இருக்கு."

அதற்கு மறுநாள் அந்த ஷூ இருந்த இடத்தில் வேறு ஜோடி. கச்சிதம்! அளவெடுத்துத் தைத்ததுபோல! கடவுள் கொடுப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். மாற்றியும் கொடுப்பார் என்பது இந்த உலகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த உற்சாகத்தில், மேலிருந்து வந்த ஷூவின் குதிகால் ஏன் ஏற்கெனவே லேசாகத் தேய்ந்திருக்கிறது என்று யோசிக்க அவருக்கு நேரம் இல்லை.

எல்லாவற்றுக்கும் சிகரம் வீட்டில் நடந்தது. சாயங்காலம் உள்ளே நுழைந்ததும் மனைவி வெந்நீர்ப் பையை நீட்டினாள்.

"இந்தாங்க, முதுகுல வச்சுக்கோங்க."

"முதுகு வலிக்குதுன்னு உனக்கு யார் சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? தோணிச்சு." மனைவி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். "மனசுல இருக்கறதை என்கிட்ட சொல்ல மாட்டேங்கறீங்க. வேற எங்கயோவாவது சொல்றீங்களே, அது போதும்."

முதுகு வலியை அவர் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தார். அதுவும் அன்று காலையில், லிஃப்டுக்குள்! வெந்நீர்ப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "கேக்கறாரு! எல்லாத்தையும் கேக்கறாரு!" என்று கத்தினார். மகள் ஓடிவந்து அப்பாவுக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இந்த இடத்தில்தான் விஷயம் கையை மீறத் தொடங்கியது.

முன்பெல்லாம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். இப்போது சும்மா இருக்க நேரம் ஏது? பஸ்ஸில் வரும்போதே இன்றைக்கு என்ன கேட்கலாம் என்று யோசனை. முதலில் எதைச் சொல்வது, கடைசியில் எதைச் சொல்வது என்று வரிசை. காலையில் ஒரு தடவை நின்ற லிஃப்ட் மத்தியானமும் நிற்க ஆரம்பித்தது. போன் தொந்தரவிலிருந்து தப்பிக்க ஓடிவந்தவர், கடவுளுக்கு விடாமல் போன் போடுகிறவராக மாறிவிட்டார். அவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

கட்டடத்துக்கு வேறு ஒன்று தெரிந்தது. லிஃப்ட் தினமும் நிற்கிறது!

"என்ன கோளாறு?" என்றார் செயலாளர். "நீங்க" போட்டுத்தான் கேட்டார், ஆனால் குரலில் பழைய ஆபீஸ் எட்டிப் பார்த்தது.

"கதவுல சென்சார் சார். தூசி."

துடைத்தார். எல்லா மாடியிலும் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று ஒரு பலகை தொங்கவிட்டார். அதுவரை லிஃப்டில் தைரியமாகப் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுப் படியேறத் தொடங்கினார்கள். லிஃப்ட் மறுநாளும் நின்றது.

"காலையில கரண்ட் குறைவா வருது சார்."

செயலாளர் விடுவாரா? ஒரு எலக்ட்ரீஷியனைக் கையோடு கூட்டி வந்தார். அவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "கரண்ட் குதிரை மாதிரி ஓடுது சார்," என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்.

"அப்ப மோட்டாருக்குக் கரண்டை விடற ரிலேதான் சார்," என்றார் லிஃப்ட்காரர்.

புது ரிலே வந்தது. பழைய ரிலே தங்கமான ரிலே. அதைக் கழற்றும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. புதுசு மாட்டியதும் லிஃப்ட் வெண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடியது. கட்டடமே கை தட்டியது. மறுநாள் காலை அதே நேரம், அதே மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே, தங்கமான புது ரிலேயும் நின்றது.

போதாக்குறைக்கு, மூன்றாம் மாடியில் ஒரு குழந்தை, சுவருக்குள்ளே யாரோ முனகுகிறார்கள் என்று சொன்னது. நாலாம் மாடியில் ஒருவர், முனகல் இல்லை, அழுகை என்றார். இன்னொருவர், அழுகை இல்லை, ஷூ கேட்கிறது என்றார். ஷூ கேட்கிற பேயைப் பற்றி யாரும் கேள்விப்பட்டதில்லை என்பதால் பயம் இரட்டிப்பாயிற்று. அந்தப் பயத்துக்கும் ஆறுதல் சொல்ல வேண்டிய பொறுப்பு லிஃப்ட்காரர் தலையில்தான் விழுந்தது.

"பேயெல்லாம் இல்லைங்க. காத்து."

"காத்து எதுக்குங்க சைஸ் பெரிசுன்னு சொல்லணும்?"

ஆச்சரியம் என்னவென்றால், இவ்வளவு களேபரத்திலும் ரேடியோ அக்கா மட்டும் வாயே திறக்கவில்லை. யார் என்ன கேட்டாலும், "எனக்கு என்னங்க தெரியும்?" என்று மேசைமேல் இருந்த பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள்.

கடைசியில் செயலாளர் ஒரு முடிவுக்கு வந்தார். பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து டை கட்டிய ஒருவர் நாளைக் காலை வருகிறார். புது லிஃப்ட், புது ஒப்பந்தம், பராமரிப்புக்கு அவர்களே ஆள் அனுப்புவார்கள்.

"உங்க மேல ஒண்ணும் தப்பில்லை," என்றார் செயலாளர். "நீங்களும் என்னென்னவோ செஞ்சு பார்த்துட்டீங்க. லிஃப்டுக்கு வயசாயிடுச்சு."

லிஃப்ட்காரருக்குக் காலுக்குக் கீழே தரை நழுவியது. இந்தக் கட்டடம் எழும்பும்போது லிஃப்டுக்கு முதல் கம்பியை இழுத்துக் கட்டியவர் அவர். இந்த வேலைதான் சோறு. இந்த லிஃப்டுக்கு வயசாகவில்லை, வாயில்லை, அவ்வளவுதான். வாயிருந்தால் சொல்லியிருக்கும்.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் நாளைக்குப் போகும்.

"இதையும் அவர்கிட்டயே விட்டுடுவோம்!" என்று முடிவு செய்தார். ஷூ கொடுத்தவர், சைஸ் மாற்றியவர், ரேடியோ அக்காவை அடக்கியவர், ஒரு டைக்காரரைத் திருப்பி அனுப்ப மாட்டாரா?

மறுநாள் காலை நெரிசல் அடங்கியதும் விழுந்தடித்துக்கொண்டு வந்தார். அன்று பெரிய வேண்டுதல் என்பதால் ஒரு நிமிஷமும் வீணாக்காமல் லிஃப்டை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். லிஃப்ட் மேலே ஆறாம் மாடியில் நின்றிருந்தது. அது இறங்கி வரும்வரை பொறுமையில்லாமல், படியேறியே போய்விடலாம் என்று ஏறினார்.

மூன்றாம் மாடி தாண்டி, நாலாம் மாடிக்குப் போகும் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு பெண் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறாம் மாடி நர்ஸ். இரவு வேலை முடிந்து வந்தவள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் கழற்றிய செருப்பு. பாதம் இரண்டும் வீங்கியிருந்தன.

"அம்மா... அம்மாடி..."

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். "லிஃப்ட் சரியாயிடுச்சா அண்ணா?"

"இப்ப ஓடுதேம்மா. எதுக்கு நடந்து வந்தே?"

"நான் வர்ற நேரத்துக்குத் தினமும் நின்னுடுதே அண்ணா. கீழே நின்னு காத்துட்டிருந்தா நின்னபடியே தூங்கிடறேன். அதான் பழக்கமாயிடுச்சு. இங்க கொஞ்சம் உக்காந்துட்டு ஏறுவேன்." செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தாள். "நீங்கதான் பாவம். அதுக்குள்ள மாட்டிக்கிட்டு எவ்ளோ கஷ்டப்படறீங்க! வார்டுல ஒவ்வொரு பெட்டா மருந்து கொடுத்துட்டுப் போகும்போதே மனசுக்குள்ள வேண்டிக்குவேன். அந்த அண்ணனுக்குக் கஷ்டம் தீரணும், லிஃப்ட் ஓடணும்னு."

லிஃப்ட்காரர் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

ஒரே லிஃப்டைப் பற்றி ஒரே கடவுளிடம் இரண்டு வேண்டுதல். ஒன்று நிற்கணும் என்று, ஒன்று ஓடணும் என்று. இவர் அமைதியான இடம் வேண்டும் என்று கட்டடத்தையே நிறுத்தினார். அவள் ஊசியும் மருந்தும் கூப்பாடுமாக இருக்கிற இடத்தில் நடந்துகொண்டே, அதுவும் இவருக்காக, வேண்டியிருக்கிறாள்.

அவருக்குக் கூசிப் போயிற்று. ஓடிப்போய் லிஃப்டை இறக்கி, அவளை ஏற்றி, ஆறாம் மாடியில் கொண்டுபோய் விட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் போகும்வரை நின்றார்.

பிறகு தனியாக, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கடைசித் தடவையாக நிறுத்தினார். கீழே டைக்காரர் வந்தாயிற்று. வரவேற்பு மேசையைச் சுற்றிச் சங்கத்து ஆட்கள் கூடியிருந்ததை அவர் வரும்போதே பார்த்திருந்தார்.

"கடவுளே," என்றார்.

வேலையைக் காப்பாற்று என்று கேட்கத்தான் வந்தார். வாய் வரவில்லை.

"கடவுளே, ரிலே நல்ல ரிலே. கரண்ட் நல்ல கரண்ட். கோளாறு நான்தான். நான்தான் தினமும் நிறுத்தினேன். உன்கூட தனியா உக்காரணும்னுதான் ஆரம்பிச்சேன், சத்தியமா. முதல் நாள் நீ வந்து பக்கத்துல உக்காந்த மாதிரி இருந்துச்சு. அப்பறம் ஷூ கேட்டேன். அப்பறம் சைஸ் கேட்டேன். கேட்டுக் கேட்டு, நீ வந்தியா போனியான்னு கூடப் பாக்கலை. அந்தப் பொண்ணு கால் வீங்கிப் படியில தூங்குது. உன்னை உக்கார வைக்கிறேன்னு நான் ஊரையே நடக்க விட்டுட்டேன். வேலை போனா போகட்டும். கீழ போய் எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன். இன்னைக்கு உன்கிட்ட ஒண்ணும் கேக்கலை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டுப் போறேன்."

சும்மா இருந்தார். முதல் நாளைப் போலவே இருந்தது. வேலை போகப்போகிற மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்கே புரியவில்லை.

எழுந்து, அவசரப் பெட்டியைத் திறந்து, பிடுங்கியிருந்த ஒயரின் டேப்பைப் பிரித்து, இருந்த இடத்தில் மாட்டினார். பெட்டிக்குள்ளிருந்து யாரோ மூக்கை உறிஞ்சுவதுபோல ஒரு சத்தம் வந்தது. ஒயர் சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு முறுக்கு முறுக்கிவிட்டு, கீழே இறங்கினார்.

கதவு திறந்தது. மேசையைச் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். டைக்காரர் தன் வண்ண வண்ணக் காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்று ஆரம்பித்தார் லிஃப்ட்காரர். "லிஃப்ட்ல கோளாறு எதுவும் இல்லை. நான்தான் தினமும்..."

"சரி," என்றார் செயலாளர்.

"இல்லை சார், நான் வேணும்னே நிறுத்தி..."

"சரிங்கறேனே. அதை விடுங்க." செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். "புது லிஃப்ட் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். இருக்கறதை நீங்களே பாத்துக்கோங்க. அந்த நர்ஸ் பொண்ணு வர்ற நேரத்துல மட்டும் அது கண்டிப்பா ஓடணும்."

லிஃப்ட்காரர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பறம்," என்று செயலாளர் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார். "மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை இருக்கே, உடைஞ்ச நாற்காலியெல்லாம் கிடக்குமே. அதைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். காலையில உங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப போய் உக்காருங்க. போனை இங்க மேசையில கொடுத்துட்டுப் போங்க. யாரும் கூப்பிட மாட்டோம்."

"எனக்கா? அறையா? நான் யார்கிட்டயும் கேக்கவே இல்லையே சார்!"

"கேட்டாத்தானா?" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி அவசரமாகத் துடைத்துக்கொண்டு போய்விட்டார் செயலாளர். மற்றவர்களும் ஒவ்வொருவராக அவர் தோளைத் தட்டிவிட்டுக் கலைந்தார்கள். எட்டாம் மாடிக்காரர் மட்டும் போகிற போக்கில் அவருடைய ஷூவைக் குனிந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

லிஃப்ட்காரர் நேரே வரவேற்பு மேசைக்கு ஓடினார். இவ்வளவு பெரிய சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். அதுவும் இன்று அவருக்கே ரேடியோ அக்காவிடம் நின்று பேச வேண்டும்போல இருந்தது.

"அக்கா! பாத்தீங்களாக்கா! அக்கா, நான் ஒரு ரகசியம் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கேக்கறாருக்கா! நாம பேசறது எல்லாத்தையும் ஒருத்தர் கேட்டுட்டுதான் இருக்காரு! இன்னைக்கு நான் ஒண்ணுமே கேக்கலை. கேக்காமயே கொடுத்துட்டாரு! பாருங்க, சாவி! எனக்குன்னே ஒரு ரூம்!"

ரேடியோ அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சாவியை வாங்கிப் பார்த்தார். மேசைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தார். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த வாயை, பெரிய கவலையோடு, மெல்லத் திறந்தார்.

"சந்தோஷம்ண்ணே. ஆனா லிஃப்ட்ல இருக்கற மாதிரி அந்த ரூம்ல மைக்கு கிடையாதே, இனிமே உங்களுக்கு என்ன வேணும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"